நஞ்சுண்டன் அளந்த வீடுகள்

காட்டிக்கொடுத்தான், காட்டிக்கொடுத்தான் என்று ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் வெண்டைக்காய் ஒடித்துப் பார்க்கிற இடத்தில்கூட நின்று பேசுகிறார்களே, அவர்கள் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும். நஞ்சுண்டன் வந்து மணியடித்தபோது கதவைத் திறந்தது யார்? காபி கொடுத்து, மாடி, அடுக்களை, துணி அலமாரி என்று ஒன்று விடாமல் திறந்து காட்டியது யார்? அவர் என்ன சுவரேறிக் குதித்தா வந்தார்? கழுத்தில் படம் ஒட்டிய அட்டை, கையில் டேப், கக்கத்தில் எழுதுகிற பலகை. "டவுன்ஷிப்புக்காக வீடு அளக்க வந்திருக்கேனுங்க" என்று வாசலிலேயே சொன்ன மனிதர். காதில் வாங்காதது யார் குற்றம்?

"சொந்தத் தங்கச்சி வீட்டையே விட்டுவைக்கலை, நம்ம வீட்டையா விடுவாரு?" என்கிறாள் புஷ்பவல்லி. நல்லவள்தான். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாகப் பத்தியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவள். ஆனால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டாள். கோயிலில் சொன்னாள், வளைகாப்பில் சொன்னாள், ஃபோனில் சொன்னாள். தங்கச்சி வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதை முதலில் எடுத்தால் மனிதர் யாரென்றே தெரியாமல் போய்விடும். ஆளைப் பார்த்துவிட்டு அப்புறம் கதைக்கு வரலாம்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற கூன். நடக்கும்போது உதடு அசையும். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை, அடி எண்ணுகிறார். கோபிச்செட்டிபாளையம் தாலுகா ஆபீசில் இருபத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவர். காடும் கிணறும் வாய்க்கால் கரையும் அளந்து அளந்து அந்தப் பழக்கம் காலிலேயே ஏறிவிட்டது. கோயிலைச் சுற்றி வந்தால் மூன்றாவது சுற்றில் பக்கத்தில் வருகிறவரிடம், "வடக்கால ரெண்டடி கம்மியா இருக்குதுங்க" என்பார். பேச்சு வராத மனிதர் பேசுகிற பேச்சு அதுதான்.

அமெரிக்காவுக்கு ஆசைப்பட்டு வந்தவரும் இல்லை. தங்கை ராமாத்தாள் இங்கே குடியுரிமை வாங்கியதும் அண்ணனுக்கு மனுப் போட்டாள். மனு ஒன்பது வருடம் கிடந்தது. ஏழாவது வருடம் நஞ்சுண்டனின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். விசா வந்த கவரை அவர் இரண்டு நாள் பிரிக்கவே இல்லை. மகள் வான்மதிதான் பிரித்தாள். அவளுக்காகத்தான் வந்தார். வந்த இரண்டாம் வருடம் அவள் கல்யாணமாகி டெக்சாஸ் பக்கம் பேர்லேண்டுக்குப் போய்விட்டாள். இவர் நியூ ஜெர்சியில், தங்கை வீட்டின் பேஸ்மென்டில், தங்கிவிட்டார்.

அந்தப் பேஸ்மென்ட் தங்கை புருஷன் வெங்கடாசலம் தன் கையால் கட்டியது. இஞ்சினியர். சனி ஞாயிறுகளில் சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு சுவர் எழுப்பி, கார்ப்பெட் போட்டு, ஒரு பாத்ரூமும் வைத்துவிட்டார். டவுன்ஷிப்பில், அதாவது இந்த ஊர் நகராட்சியில், பர்மிட் எடுக்கவில்லை. எடுத்தால் ஆள் வந்து பார்ப்பான், பார்த்தால் வரி ஏறும். இந்தத் தெருக்களில் பாதிப் பேஸ்மென்டுகள் அப்படித்தான். நஞ்சுண்டனுக்கு அங்கே ஒரு கட்டில், ஒரு ரேடியோ, மனைவியின் படம். ஜன்னல் என்று சொன்னால் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒன்று, உத்தரத்தை ஒட்டி. அதில் புல்லின் வேர்ப்பக்கம் தெரியும். பனிக்காலத்தில் அதுவும் தெரியாது.

முதலில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நின்றார். அப்புறம் அட்டைப்பெட்டி கிடங்கு. முழங்கால் போனதும் அதுவும் போனது. அந்தச் சமயத்தில்தான் ஊரில் உள்ள வீடுகளையெல்லாம் வரிக்காகப் புதிதாக மதிப்புப் போட ஒரு கம்பெனியை டவுன்ஷிப் அமர்த்தியது. பதினைந்து பதினாறு வருடமாக யாரும் அந்தக் கணக்கைத் தொடவில்லை. கம்பெனி ஆட்கள் போய் மணியடித்தால் நம்மவர்கள் திரையை விலக்கிப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் இருந்துகொண்டார்கள். பகலில் வீட்டில் இருக்கிற பெண்பிள்ளை, யாரோ ஒரு வெள்ளைக்காரன், எதற்குத் திறப்பாள்? நம் முகம் உள்ள ஒரு ஆள் வேண்டுமென்று கம்பெனி தேடியது. அளக்கத் தெரிந்த நம் முகம் கிடைத்தால் விடுவார்களா?

நாளுக்குப் பன்னிரண்டு வீடு. முதலில் வெளியே டேப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி, அட்டையில் வீட்டின் வடிவத்தைக் கோடு போட்டுக்கொள்வார். அப்புறம் மணி. பாதி வீட்டில் நாய். கால்வாசி வீட்டில், "இன்னைக்கு வேண்டாம், போ." முகத்தில் அடித்தாற்போலச் சாத்தினால் அந்தக் கதவைப் பார்த்து, "அதுக்கென்னுங்க, அவிய வீடு" என்று திரும்பிவிடுவார். மத்தியானம் காரை ஏதாவது மரத்தடியில் நிறுத்தி, ராமாத்தாள் கட்டிக்கொடுத்த பொடி தடவிய இட்லியைத் தின்றுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்சம் கண்ணை மூடுவார். ரோந்து வந்த போலீஸ்காரர் ஒருமுறை கண்ணாடியைத் தட்டி, "ஆர் யூ ஓகே?" என்று கேட்டாராம். அன்று சாயந்திரம் ராமாத்தாளிடம், "இந்த ஊருக்கு வந்த அஞ்சு வருசத்துல என்னைய அப்பிடி ஒருத்தரு கேட்டது அதுதாம்மா மொதல்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அவர் எதையும் குறையாகச் சொல்கிறவரில்லை. அதுதான் அவள் மனதைத் தைத்தது.

இனி, புஷ்பவல்லி வீட்டில் நடந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மவர்கள் வீடு வாங்கினால் வந்தவருக்கெல்லாம் சுற்றிக் காட்டியாக வேண்டும். தண்ணீர் கொடுப்பது அப்புறம். எந்த ரூமில் எத்தனை அலமாரி, எந்தப் பாத்ரூமில் எத்தனை குழாய் என்று காட்டி முடித்தால்தான் விருந்தாளியை உட்காரச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் டேப்போடு வந்தவரையும் விட்டுவைக்கவில்லை.

"கோபிங்களா? அட, எங்க அம்மா ஊரு அந்தியூருங்க! ஏனுங்க, இங்க வாங்க, நம்ம ஊர்க்காரரு வந்திருக்காரு!" என்று புஷ்பவல்லி புருஷனைக் கூப்பிட்டாள். மயில்சாமி அன்று லீவு. கைலியோடு இறங்கி வந்தார்.

"இது வேலைங்க. நீங்க சொல்றதை எழுதிக்கிட்டுப் போறவனுங்க நான்" என்றார் நஞ்சுண்டன்.

"வேலை எங்கீங்க சார் ஓடிப்போகுது? மேல வாங்க. இது மாஸ்டர் பெட்ரூம். இந்த க்ளாஸெட்டைப் பாருங்க, உள்ளயே நடக்கலாம்" என்றார் மயில்சாமி.

நஞ்சுண்டன் நடந்தார். எண்ணினார். எழுதினார். கீழே இறங்கியதும் பேஸ்மென்ட் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"இதையும் பாக்கணுமுங்க. ஆனா பாத்தா எழுதிருவேனுங்க. வேண்டாமுன்னா வேண்டாமுன்னு இப்பவே சொல்லிருங்க. விடாத வீட்டுக்கு அவியளே ஒரு குத்துமதிப்புப் போட்டுக்குவாங்க. அது உங்க இஷ்டம். பொறகு வருத்தப்படக் கூடாதுங்க."

மயில்சாமி சிரித்தாரே ஒரு சிரிப்பு! "வீட்டுலயே ஸ்பெஷல் இதுதான் சார். இதை எழுதலைன்னா வேற எதை எழுதுவீங்க? நல்லா ரெண்டு வரி சேத்து எழுதுங்க!" விளக்கைப் போட்டு, பாரைக் காட்டினார், பாட்டில் வைக்கக் கட்டினது, இப்போது கொலு வைக்கிறார்கள். அம்மா அப்பா வந்தால் தங்க ஒரு ரூம், தரையெல்லாம் டைல் போட்ட ஒரு பாத்ரூம். "போலந்துக்காரன் ஒருத்தன் மூணு வாரத்துல முடிச்சுட்டான். பர்மிட்டெல்லாம் எடுக்கலைங்க. அதுக்கு வேற யாரு அழறது!" என்று அதையும் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லை. ஊர்க்காரரிடம் சொன்னார்.

நஞ்சுண்டன் பேனாவை மேலே தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் நின்றார். "ஏனுங்க, நான் எழுதறனுங்க" என்றார் மறுபடி.

"எழுதுங்க சார்!"

எழுதினார். இதில் எங்கே இருக்கிறது காட்டிக்கொடுத்தது?

இந்த வரி எதற்கென்று அவரிடம் கேட்டவர்களும் உண்டு. கேட்டால் சொல்வார், மெதுவாக, குழந்தைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிற மாதிரி. "போலீசுக்கு இத்தனை, நெருப்பணைக்கற வண்டிக்கு இத்தனை, பள்ளிக்கூடத்துக்கு இத்தனைன்னு வருசா வருசம் முடிவு பண்ணிருவாங்க. பள்ளிக்கூடந்தான் பெரும்பங்கு. அந்தத் தொகையை வீடுகளோட மதிப்புக்குத் தக்கன பிரிச்சுப் போடறாங்க. நான் புதுசா ஒண்ணும் வாங்கித் தரலீங்க. பங்கைச் சரி பண்றனுங்க, அவ்வளவுதான். நம்ம பக்கம் கோயில் நோம்பிக்குத் தலைக்கட்டு வரின்னு வீட்டுக்கு ஒரே தொகை வாங்குவாங்கல்ல? இங்க வீட்டைப் பாத்து வாங்கறாங்க. நீங்க ஒரு ரூமை மறைச்சீங்கன்னா அந்த ரூமோட பங்கு ஆகாசத்துக்குப் போறதில்லீங்க. பக்கத்து வீட்டுக்குப் போகுதுங்க."

புஷ்பவல்லிக்குப் பக்கத்து வீடு ஒரு போலந்துக்காரக் கிழவி, மிசஸ் கோவால்ஸ்கி. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருடம். அவர் வாங்கியபோது போட்ட தரைதான் இன்றும். கீழே வெறும் சிமெண்ட், ஒரு துணி துவைக்கிற மெஷின். டிசம்பரில் எல்லார் வீட்டுக்கும் புது மதிப்பு எழுதின கடிதம் வந்தபோது மயில்சாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே நாள் அந்தக் கிழவி வேலிப்பக்கம் வந்து, தனக்கு வரி குறையப் போகிறது, வீட்டைச் சூடாக்குகிற எண்ணெய்க்கு ஆகும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டது புஷ்பவல்லிதான். கோயிலில் மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை.

கடிதம் வந்த பிறகு நஞ்சுண்டனுக்கு எங்கேயும் அழைப்பில்லை. மார்கழி பஜனைக்குப் போனார். பிரசாதம் கொடுத்தவர் இலையை அவர் கையில் வைக்காமல் மேஜையில் வைத்தார். எடுத்துக்கொண்டு மூலையில் நின்று தின்றுவிட்டு வந்துவிட்டார். வான்மதி ஃபோனில் அழுதாள். "இங்க வந்துடுங்கப்பா. மீனாட்சி கோயில் இருக்கு, பெரிய வீடு இருக்கு." அவர், "அங்க கார் இல்லாம ஒரு தீப்பெட்டி வாங்கப் போக முடியாதுங்கறியே கண்ணு" என்று சிரித்து வைத்தார். உண்மை என்னவென்றால் அந்த வீட்டிலும் ஒரு ரூமைக் காலி பண்ணித்தான் இவருக்குத் தர வேண்டும். இன்னொரு வீட்டில் போய் இன்னொரு மூலையில் ஒடுங்க அந்த மனிதருக்குத் தெம்பில்லை.

இப்போது தங்கச்சி வீட்டுக் கதை.

அதைக் கொஞ்சம் முன்னாலிருந்து, தொண்ணூற்றைந்தாம் வருடத் தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்து எடுக்க வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. ராமாத்தாள் மேலே முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். ஃபோன் வந்தது, இரண்டு நிமிஷம் பேசினாள், எண்ணெய் பற்றிக்கொண்டது. வீடெல்லாம் கரும்புகை. அலாரம் கத்துகிறது. வெங்கடாசலமும் ராமாத்தாளும் பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். தீயணைக்கிறவர்கள் நாலே நிமிஷத்தில் வந்தார்கள். இந்த ஊரில் அவர்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டு தொண்டாக வருகிறவர்கள்தான். மருந்துக்கடையில் நிற்பவர் ஒருத்தர், பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர் ஒருத்தர். மணியடித்தால் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள்.

தலைவர் போல இருந்தவர் கேட்டார். "வீட்டில் எத்தனை பேர்? எல்லாரும் வெளியே வந்தாச்சா?"

வெங்கடாசலம், "ஃபோர். ஆல் அவுட்" என்றார்.

"டாட், வாட் அபவுட் மாமா?" என்றாள் சின்னவள். வெங்கடாசலத்தின் கை அவள் தோளை அழுத்தியது. ஐந்து என்று சொன்னால் ஐந்தாவது ஆள் எங்கே என்பார்கள். கீழே என்றால், கீழே ஆள் படுக்கிற இடமா என்பார்கள். அந்த ஒரு நொடியில் அவ்வளவும் அவர் தலைக்குள் ஓடியிருக்கிறது. கெட்டவர் இல்லை. அவர் கம்பெனியில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், பெரியவன் காலேஜுக்குப் போகிற வருடம். பயந்த மனிதர். பயந்தவர் சொன்ன கணக்கு அது.

அதற்குள் நஞ்சுண்டன் பேஸ்மென்டின் பக்கவாட்டுப் படி வழியாகத் தானே ஏறி வந்துவிட்டார். மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவர். கைலி, பனியன், வெறுங்கால், இருமல். குளிர்ந்த புல்லில் கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்றார். தீயணைக்கிற பையன் ஒருவன் ஓடிப்போய்ப் போர்வையைப் போர்த்தி, "எந்த வீடு சார் நீங்க?" என்று கேட்டான். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் வாயும் திறக்கவில்லை. நஞ்சுண்டன் வெங்கடாசலத்தின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் தெருக்கோடியைக் கையால் காட்டி, "வாக்கிங். ஐ கேம் வாக்கிங்" என்றார்.

அந்தப் பையன் அவர் காலைப் பார்த்தான். போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போனான்.

அடுப்பு மேடையோடு போயிற்று நெருப்பு. வண்டி கிளம்புகிறவரை நஞ்சுண்டனால் வீட்டுக்குள் போக முடியவில்லை. சொன்ன பேச்சுக்கு ஏற்ப அந்தத் தெருவை வெறுங்காலோடு இரண்டு சுற்று நடந்தார். அப்புறம் ராமாத்தாள் ரசம் எடுத்துக்கொண்டு கீழே போய், "அண்ணா, அவரு பயத்துல சொல்லிட்டாருண்ணா" என்று அழுதாள். "அதுக்கென்னம்மா" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.

இந்த ஊரை அளக்கிற வேலை அந்த வருட நவம்பரில் முடிந்தது. அடுத்த ஊர் ஒப்பந்தம் தொடங்கும்வரை நஞ்சுண்டன் வீட்டில்தான். இந்த வீட்டை அவர் அளக்கவில்லை. உறவு வீடு என்று கம்பெனியில் சொல்லி வேறு ஆளிடம் ஒப்படைத்திருந்தார். அந்த ஆள் இரண்டு முறை வந்தும் யாரும் கதவு திறக்கவில்லை, வெங்கடாசலத்தின் உத்தரவு. அதனால் அவர்களே பேஸ்மென்டில் அறை இருக்கும் என்று குத்துமதிப்பாகப் போட்டுவிட்டார்கள். டிசம்பர் கடிதத்தைப் பார்த்து வெங்கடாசலம் குதித்தார். "என் பேஸ்மென்ட் காலி. வந்து பாருங்கள்" என்று ஆட்சேபம் எழுதிப் போட்டார். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாகப் பதில் வந்தது. வேலை நாள். வீட்டில் இருக்கப் போவது யார்? நஞ்சுண்டன்.

"மச்சான், வர்றது அந்த டெபிதான். உங்க கூட வேலை பாத்தவ. நீங்க சொன்னா கேப்பா. கீழ வெறும் ஸ்டோரேஜ்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்" என்றார் வெங்கடாசலம்.

நஞ்சுண்டன் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. முந்தின நாள் சாயந்திரம் வெங்கடாசலமும் அவருமாக மேலேயிருந்து பெட்டி, பழைய டிவி, கிறிஸ்துமஸ் மர அட்டை எல்லாவற்றையும் கீழே இறக்கி அந்தக் கட்டிலின் மேலேயே அடுக்கினார்கள். ஒரு பக்கம் இவர் பிடித்தார், ஒரு பக்கம் அவர். படத்தை எடுக்க வெங்கடாசலம் கை நீட்டினார். "அது இருக்கட்டுங்க மாப்ள" என்று நஞ்சுண்டன் தானே எடுத்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். அன்று ஹாலில் சோபாவில் படுத்தார்.

டெபி நல்ல பெண். நாற்பது வயது, பருமன். அவரை மிஸ்டர் என் என்று கூப்பிடுவாள், முழுப் பெயர் அவள் வாயில் வராது. மேலே எல்லாம் பார்த்துவிட்டுப் பேஸ்மென்ட் கதவுக்கு வந்ததும் அட்டையில் இருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "எனக்கு முழங்கால் வலிக்குது மிஸ்டர் என். கீழே என்ன இருக்குன்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றதை எழுதிக்கிறேன்."

அவர் இங்கே தங்கியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். இதே முகவரிக்குத்தான் கம்பெனி அவருக்குச் செக் அனுப்புகிறது. தெரிந்துதான் சொன்னாள். ஒரு சொல் போதும். அவளே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

நஞ்சுண்டன் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் திறந்து விளக்கைப் போட்டு, "கம்" என்றார். அவள் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள். கட்டிலின் மேலிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். கிறிஸ்துமஸ் மரம், டிவி, பெட்டி. கசங்கின விரிப்பும் தலையணையும் வெளியே வந்தன. "ஐ லிவ் ஹியர்" என்றார்.

"நிஜமாவா? எழுதிடவா?" என்றாள் டெபி.

அவர் டேப்பின் நுனியை வாங்கிக்கொண்டு எதிர்ச்சுவருக்குப் போய்ப் பிடித்தார். "பதினொண்ணுக்குப் பதினாலு" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அவள் எழுதினாள். பாத்ரூம் ஒன்று. ஜன்னல் ஒன்று, சிறியது.

சாயந்திரம் வெங்கடாசலம் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "அஞ்சு வருஷம் மச்சான்! அஞ்சு வருஷமா ஒரு மாசம் வாடகைன்னு கேட்டிருப்பனா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை உங்களால சொல்ல முடியலையா?"

"முடியலீங்க மாப்ள."

"ஏன்? ஊருல எல்லார் வீட்டையும் எழுதியாச்சு, இதையும் எழுதணும்னு நியாயமா?"

"நியாயமெல்லாம் எனக்கு என்னுங்க தெரியும். தீபாவளிக்கு ஒருக்காச் சொன்னனுங்க, நான் இந்த வீட்டுல இல்லைன்னு. ரெண்டாந்தரம் சொல்லலாமுன்னுதான் நின்னேன். வாயி வரலீங்க."

வெங்கடாசலம் தலையைக் குனிந்துகொண்டு படியேறிப் போய்விட்டார்.

பத்து நாளில் டவுன்ஷிப்பின் கட்டட இலாகாவிலிருந்து கடிதம். தீப்பிடித்தால் அந்த ஜன்னல் வழியாக ஆள் தப்பிக்க முடியாது. பெரிதாக வெட்டி, பர்மிட் வாங்கும்வரை அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது. ராமாத்தாள் படித்துக் காட்டினாள். "மேல வந்துருண்ணா. ஹால்ல படுத்துக்கோ. பசங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றாள். வெங்கடாசலம் வேண்டாமென்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடித்துத் துரத்தினார்கள் என்று சிலர் பேசுகிறார்கள். யாரும் துரத்தவில்லை. கோபித்துக்கொண்டு போனார் என்கிறார்கள். அந்த மனிதருக்குக் கோபிக்கத் தெரிந்திருந்தால் எப்போதோ நன்றாயிருந்திருப்பார். தெற்கே வேறொரு ஊரில் கம்பெனிக்கு வேலை தொடங்கியிருந்தது. அங்கே துணி துவைக்கிற கடைக்கு மேல் ஒரு ரூம் வாடகைக்குக் கிடைத்தது. இரண்டு ஜன்னல் என்று வான்மதிக்கு ஃபோனில் சொன்னார்.

கிளம்பினது ஒரு சனிக்கிழமை காலை. முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. தெருவில் வழி பண்ணுகிற வண்டி வந்து பனியையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தது. ஒரு சூட்கேஸ், ஒரு பை. இரண்டையும் காரில் வைத்தார். ராமாத்தாள் புளிசாதமும் ஊறுகாயும் கட்டி முன்சீட்டில் வைத்தாள். வெங்கடாசலம் மாடி ஜன்னலில் நின்றிருந்தார். திரை கொஞ்சம் விலகியிருந்தது.

கார் கதவைத் திறந்தவர் மூடிவிட்டுத் திரும்பி வந்தார். அந்த வீட்டு வாசலுக்கு நேரே நடைபாதை ஓரத்தில் தீயணைக்கிறவர்கள் தண்ணீர்க் குழாய் மாட்டுகிற ஹைட்ரன்ட் ஒன்று உண்டு. வண்டி தள்ளின பனியில் அது முழுக்கப் புதைந்து, சிவப்புத் தலை ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குத் தெரிந்தது. கராஜ் சுவரில் சாய்த்திருந்த, பனி வாருகிற ஷவலை எடுத்து வந்து நஞ்சுண்டன் வெட்டத் தொடங்கினார். கல்லாக இறுகின பனி. ஒவ்வொரு வெட்டுக்கும் கொஞ்சம்தான் பெயர்ந்தது. வெட்டினதை வாரிப் புல்தரைப் பக்கம் போட்டார். மூச்சு புகையாக வந்தது.

"அண்ணா, கை விறைச்சுப் போகும். அவரு பாத்துக்குவாரு, விடுண்ணா" என்றாள் ராமாத்தாள் வாசற்படியிலிருந்து.

"ஆச்சும்மா. நீ உள்ள போ, குளுருது" என்றார். முன்பக்கம் குழாய் மாட்டுகிற வாய் தெரிந்துவிட்டது. ஷவலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அங்கே மிச்சமிருந்த பனியை வெட்டக் குனிந்தார்.